மூன்று வரை எண்ணுதல்

லாங்கெந்தாலில் அதிகாலை மூன்று ஐம்பது.
சாவியைத் திருப்பியதும்
பொனெட்டுக்குள் யாரோ ஆணிப்பெட்டியைக் கவிழ்க்கிறார்கள்.
ஒண்டு, ரெண்டு, மூண்டு.
பிறகு ஒன்றுமே நடவாததுபோல் இயந்திரம்.
பின் இருக்கையில் இருநூற்றுப் பத்துப் பத்திரிகைகள்
மை மணக்க மணக்க,
உலகத்தில் எது எது உடைந்தது என்ற விவரத்துடன்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஓப்பல் கோர்சா.
ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர்,
அதில் பாதி முதல் கியரில்,
தபால்பெட்டிக்குத் தபால்பெட்டி நின்று நின்று.

கராஜ்காரர் நூனோ டென்ஷனரைக் கழற்றினார்.
அதன் கம்பி எவ்வளவு வெளியே வந்திருக்கிறதென்று
விரல்நுனியில் காட்டினார்: இவ்வளவு.
சங்கிலி நீண்டுவிட்டது.
இரும்பு நீளுமா என்று கேட்டேன்.
இரும்பு நீளாது, மூட்டுகள் தேயும்,
மூட்டுக்கு ஒரு மயிரிழை,
எல்லா மயிரிழையும் சேர்ந்தால் ஒரு பல் தாண்டும்,
தாண்டினால் வால்வும் பிஸ்டனும்
நேருக்கு நேர் சந்திக்கும் என்றார்.
எப்போது?
நாளைக்கு.
அல்லது நாற்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு.
தோளைக் குலுக்கிவிட்டுக் கையைத் துடைத்தார்.

கையேட்டில் போட்டிருக்கிறது,
சங்கிலி வண்டியின் ஆயுளுக்கும் வரும் என்று.
பொய்யில்லை.
சங்கிலி போகிற அன்று
வண்டியின் ஆயுள் முடிந்துவிடும்.

சங்கிலி, பற்சக்கரம், எண்ணெய்: முந்நூற்று நாற்பது பிராங்க்.
கூலி ஆயிரத்து நூறு.
வண்டியை விற்றால் ஆயிரத்து இருநூறு,
அதுவும் வாங்குகிறவன் நல்லவனாயிருந்தால்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம் என்பதை
நூனோவிடம் ஜெர்மனில் சொல்லப் பார்த்தேன்.
சுண்டைக்காயிலேயே நின்றுவிட்டேன்.

ஓல்டனிலிருந்து மச்சான் பகீரதன், போனில்:
"வித்துத் தள்ளு.
ஆள் வர முதல் அரை மணித்தியாலம் ஓட்டிப்போட்டு
கொண்டுவந்து நிப்பாட்டு.
சூட்டில அது வாய் திறக்காது."

சனிக்கிழமை
ஹெர்சோகன்புக்ஸே வரை போய்த் திரும்பினேன்.
வழியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

வந்தவன் பெயர் ஃபில்மோன். எரித்திரியப் பையன்.
பேக்கரியில் இரவு வேலை,
ஒரு மணிக்கு பஸ் இல்லாத கிராமத்தில் அறை.
ஜாக்கெட்டுக்குள் உறை, உறைக்குள் காசு.
டயரைப் பார்த்தான். கதவடித் துருவைப் பார்த்தான்.
சாவியைத் திருப்பினேன்.
ஒரு முனகல் இல்லை. நல்ல பிள்ளை.

அவன் உள்ளங்கையைப் பொனெட்டின் மேல் வைத்தான்.
தட்டு எந்தச் சூட்டில் அடுப்பைவிட்டு வந்ததென்று
தொட்டே சொல்லுகிற கை.
எடுக்கவில்லை.
எங்கேயாவது போய் வந்தீர்களா என்றான்,
மரியாதைப் பன்மையில்.

என்னிடம் மூன்று பதில் இருந்தன.
கடை. கோயில். மகளின் நீச்சல் வகுப்பு.
மூன்றுக்கும் நேரம் கச்சிதமாகப் பொருந்தும்.
ஆனால் வாய்க்குள் ஏதோ
ஒரு பல் தாண்டிவிட்டது.
குளிர வைத்துத்தான் கேட்கவேண்டும், என்றேன்.
திங்கட்கிழமை வா. மூன்று ஐம்பதுக்கு.

மைனஸ் ஆறு.
சைக்கிளில் வந்திருந்தான்,
புருவத்தில் இருப்பது மாவா பனியா தெரியவில்லை.
சாவியை அவனிடமே கொடுத்தேன்.
ஆணிப்பெட்டி கவிழ்ந்தது.
நான் மூன்று எண்ணி முடித்தபோது
அவன் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

ஐந்து, என்றான்.

இரண்டு குளிர்காலமாக
நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

உறை ஜாக்கெட்டுக்குள்ளேயே கிடந்தது.
இறங்கி வந்து, நான் கேளாமலே,
வாசலில் கிடந்த கட்டுகளைத் தூக்கிப்
பின் இருக்கையில் அடுக்கினான்,
ரொட்டித் தட்டு அடுக்குகிறவனின் வேகத்தில்.
வேண்டுமென்றோ வேண்டாமென்றோ சொல்லவில்லை.

நூனோ ஏழரைக்குத்தான் திறப்பார்.
அதற்குள் இருநூற்றுப் பத்து வாசல்.