மூன்றாவது துளை

விரிசலுக்குப் பதினொரு மாதம் ஆகிறது.
சமையலறை ஜன்னலின் கீழ்மூலையில் பிறந்து
இப்போது ஹாலுக்கு வந்துவிட்டது.
துளசிராம் சார் அதன் ஓரமாகப்
பென்சிலால் தேதி போட்டுவருகிறார்
பால் கணக்கு மாதிரி.
தபால் இலாகாவில் முப்பத்தொரு வருஷம்.
தேதி இல்லாமல் எதையும் நகர விடமாட்டார்.

"கொத்தனார் கலவையில தண்ணியக் கூட்டிட்டான் போல மேடம்"
என்கிறார்.
ரமாபாய் அம்மா
முள்ளுமுருங்கை வடை கொண்டுவந்து வைக்கிறார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லக் கூடாது.

கைப்பையில் இருக்கிறது முப்பத்தெட்டுப் பக்கப் பாலிசி.
ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறவர்களுக்கானது,
சொன்னது தப்பாகிப்போனால்.
டவுன்ஹால் ரோட்டு மாடியில் பாக்கியநாதன்
பதினான்காம் பக்கத்தைப் பச்சை மையால் கோடிட்டுத் தந்தார்:
நிறுவனத்தின் எழுத்துமூலமான சம்மதமின்றி
காப்பீடு பெற்றவர்
எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளலாகாது,
ஈடு தருவதாக வாக்களிக்கலாகாது.

"ஸாரிங்கற வார்த்தைகூட வாயில வரக் கூடாது மேடம்.
வந்துச்சுன்னா
அம்பது லட்சமும் ஆத்தோட போச்சு."
எந்த ஆற்றோடு என்று கேட்க நினைத்தேன்.
நம் ஆற்றில் அடித்துக்கொண்டு போக
தண்ணீர் எங்கே இருக்கிறது.

மனைப்பிரிவின் பெயர் லேக் வியூ அவென்யூ.
லேக் எங்கே என்று வாங்கியவர் யாரும் கேட்கவில்லை.
வீட்டுக்கு அடியில்.

மூன்று துளை போட்டு மண் எடுத்திருக்க வேண்டும்.
இரண்டு போட்டேன்.
அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் அது.
ரிக் ஓட்டும் சோணைமுத்து
மொட்டைத் தலையோடு தல்லாகுளத்துக் கூட்டத்தில் நின்றான்,
போனில் அவன் குரலைவிட உறுமிதான் பேசியது.
கான்க்ரீட் லாரிக்கு நாள் குறித்தாகிவிட்டது.
ஈசானிய மூலையை
மற்ற இரண்டையும் பார்த்து நானே நிரப்பினேன்:
மூன்று மீட்டர் வரை சரளை கலந்த செம்மண்.
கீழே கையெழுத்து, முத்திரை,
ஜி.எஸ்.டி. தனி.

வாஸ்து பார்த்தவரும்
அதே மூலைதான் சரியில்லை என்றாராம்.
அவரிடம் பாலிசி இல்லை.
தேவையும் இல்லை.

மூன்றாவது துளையைப் போன புதன்கிழமைதான் போட்டேன்.
கொய்யா மரத்தடியில், கைத்துருவியால்,
"சும்மா பார்க்கிறேன் சார்" என்று பொய் சொல்லி.
ஒரு மீட்டரில் வந்துவிட்டது கரம்பை,
மழைக்கு வீங்கி வெயிலுக்கு வாய் பிளக்கிற கறுப்பு.
கூடவே ஒரு நத்தை ஓடு,
கண்மாய் இருந்ததற்கு
பட்டாவில் இல்லாத சாட்சி.

இது புதுப்பிக்கிற மாதம்.
படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
தங்கள் மீது கோரிக்கை எழக் காரணமாகக்கூடிய
சம்பவம் ஏதும் தங்கள் அறிவில் உண்டா?
ஆம். இல்லை.
விவரத்துக்கு நான்கு கோடு விட்டிருந்தார்கள்.
நேற்றிரவு எழுதத் தொடங்கி
ஓரத்தில் ஏறி, பின்பக்கம் திரும்பி
சோணைமுத்துவின் மொட்டை வரைக்கும் எழுதிவிட்டேன்.
என்ன விசித்திரம்,
விரிசல் விழுந்த வீட்டில் சொல்லக் கூடாததை
மும்பையில் யாரோ ஒரு குமாஸ்தாவிடம்
மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

வடை ஆறிக்கொண்டிருக்கிறது.
சுவரில் இன்றைய தேதியை எழுதக் குனிகிறார்.

"சார், எனக்கு ஒரு கடிதம் எழுதுங்க."
"உங்களுக்கா? எதுக்கு?"
"விரிசலைப் பத்தி. தேதியெல்லாம் போட்டு.
என் அறிக்கையோட நகலையும் வெச்சு."
பென்சில் அப்படியே நிற்கிறது.
இதுவும் பதினான்காம் பக்கத்தில் அடங்குமா,
தெரியவில்லை.

அவர் என்னைப் பார்க்கிறார்,
பிறகு ஈசானிய மூலையை,
பிறகு கொய்யா மரத்தடியில்
இன்னும் சரியாக மூடாத அந்தக் குழியை.
ரமாபாய் அம்மா உள்ளே குழாயை மூடுகிறார்.

வெகுநேரம் கழித்து
கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து கேட்கும் குரலில்
கேட்டார்:
"ரிஜிஸ்டர் தபாலா?"
ஆமாம் என்றேன்.
"ஒப்புதல் அட்டை சேர்த்தா?"