விகுதி

லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் எனக்கு ஒரே விதி:
கூண்டில் நிற்பவர் 'நான்' என்றால்
நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.
'அவர் சொல்கிறார்' என்று தள்ளி நிற்கக் கூடாது.
பத்தொன்பது வருடங்களில்
நான் மோட்டார் சைக்கிள் திருடியிருக்கிறேன்,
மைத்துனனைப் பாராங்கத்தியால் வெட்டியிருக்கிறேன்,
பையில் இருந்த நாலு பொட்டலம் என்னுடையதல்ல,
கால் வலிக்கிறது துவான், உட்காரலாமா
என்றும் கேட்டிருக்கிறேன்.
மத்தியானம் வெளியே வந்து
மீ கோரெங் கட்டித் தரச் சொல்லும்போது
என் குரல் எனக்கே கொஞ்சம் இரவல்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி, பன்னிரண்டாம் தளம், இரவு.
குபேந்திரனைக் கதையாக்கப் பார்க்கிறேன்.
முப்பத்தோரு வயது. லாரியில் உதவியாள்.
ஜெலுத்தோங்கில் ஆளில்லாத வீடு,
சுவரைக் கீறி உருவிய செம்புக் கம்பி
இருபத்திரண்டு கிலோ.

'நான் சுவரை உடைத்தேன்' என்று தொடங்கினேன்.
இரண்டாவது வரியிலேயே மேசை கூண்டாகிவிட்டது.
யாரோ தட்டச்சு செய்கிறார்கள்,
நான் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன்.
அடித்தேன்.

'அவன் சுவரை உடைத்தான்.'
சரி. ஆனால் அடுத்த பத்தியில் மாஜிஸ்திரேட் வருகிறார்.
வருகிறார்.
குபேந்திரன் வந்தான்.
கதை இன்னும் வாசலைத் தாண்டவில்லை,
அதற்குள் ஓர் 'ஆன்', ஓர் 'ஆர்',
தீர்ப்பு எழுதியாயிற்று.
'குபேந்திரன் வந்தார்' என்று மாற்றிப் பார்த்தேன்.
கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

மூன்றாம் வரிசையில் அவன் மனைவி புஷ்பலீலா,
மடியில் ரொட்டிப் பொட்டலம்.
அவள் பக்கமிருந்து சொல்லலாமா?
அவளுக்கு அவன் 'அவங்க'.
'அவங்க அப்படிச் செய்ய மாட்டாங்க'
என்று நடைபாதையில் என்னிடம் சொன்னாள்.
அதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.
ஆனால் அந்த வீட்டுக்குள் அவள் போனதில்லை.
சட்டையில் ஒட்டி வந்த சிமெண்டுத் தூள்வரைதான்
அவளுக்குத் தெரியும்.
துவைத்தவள் அவள்.

'நீ' போட்டுப் பார்த்தேன்.
நீ கதவைத் தள்ளுகிறாய்.
நீ டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்கிறாய்.
போலீஸ் பாலாயில் விடிகாலை மூன்று மணிக்கு
ஒருவர் இப்படித்தான் பேசியிருப்பார்.

எல்லாம் அறிந்தவளாக மேலே நின்று?
எதிர்க்கடைக் கேமரா அங்கேதான் நின்றது.
எல்லாம் பார்த்தது.
ஒரு சொல் கேட்கவில்லை.

உண்மையில் நான் சுற்றிச் சுற்றி வருவது
வேறொன்றை.
காலை பதினொன்றேகால்.
எத்தனை பேர் என்று கேட்டார்கள்.
குபேந்திரன் என்னைப் பார்த்துச் சொன்னான்:
'நாமதான் எடுத்தோம்க்கா.'

நாங்க இல்லை. நாம.

மலாயிலும் இரண்டு உண்டு.
கேட்பவரை வெளியே நிறுத்தினால் காமி,
உள்ளே சேர்த்தால் கித்தா.
சொன்னதைச் சொன்னபடி சொல்வதாகச்
சத்தியம் செய்தவள் நான்.
அரை நொடி.
'காமி' என்றேன்.

யாரும் நிமிரவில்லை.
அவன் வாய் தவறியிருக்கலாம்,
எங்கள் பேச்சில் இரண்டும் கலந்து
எத்தனையோ காலமாயிற்று.
இருந்தாலும் கதவைச் சாத்திய கை
யாருடையது என்று எனக்குத் தெரியும்.

எட்டு மாதம் என்றார் மாஜிஸ்திரேட்.
'காமு' என்றார்.
அதில் நீயா நீங்களா,
அந்தச் சொல்லுக்குக் கவலையில்லை.
'உங்களுக்கு எட்டு மாதம்' என்றேன்.
'சரிக்கா' என்றான்,
கடையில் சில்லறை இல்லை என்று சொன்னதுபோல.

மணி ஒன்றரை.
முதல் வரியிலிருந்து எழுவாயை எடுத்துவிட்டேன்.

'எடுத்தோம்.'

நாமா நாங்களா,
அந்த 'ஓம்' காட்டிக்கொடுக்காது.
தாளின் மேல் விளக்கு எரிகிறது,
சுவருக்குள் எங்கோ செம்பு.

அடுத்த வரியில் யாராவது கேட்கத்தான் போகிறார்கள்,
எத்தனை பேர் என்று.
தண்ணீர் குடித்துவிட்டு வந்து
மறுபடி உட்கார்ந்தேன்.