வக்கீல் நோட்டீஸ் அல்ல

பக்கிரி,
இதையும் திருப்பி அனுப்பிவிடாதே.
உறையில் என் பெயரைப் பார்த்ததும்
'பெற மறுத்தார்' என்று எழுதச் சொல்வாய், போன தடவை போல.
இது நிலத்தைப் பற்றியது இல்லை.
அந்த ஆறு மா கோர்ட்டில் கிடக்கிறது, கிடக்கட்டும்.

மாசியில் இடது மார்பை எடுத்தார்கள்.
தெரிந்திருக்கும் உனக்கு.
நீடாமங்கலம் கேட் மூடியிருந்தபோது
என் பஸ்ஸுக்குப் பக்கத்தில்தான் உன் வண்டி நின்றது.
என் தலையில் துண்டு.
நீ ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.
சரக்கு ரயில், வெகுநேரம் போனது.

அப்புறம் தஞ்சாவூரிலேயே ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள்.
பெனிட்டா என்று பெயர். மருந்து தரமாட்டாள்,
கேட்பாள், வரைவாள்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்,
செத்தவர்மேல் குறுக்கே ஒரு கோடு.
அம்மா வழியைத்தான் கேட்பாள் என்றிருந்தேன்.
"அப்பாகூடப் பிறந்தவங்க?" என்றாள்.

செங்கமலம் அத்தை, வயிறு உப்பி, நாற்பத்தொன்றில்.
செய்வினை என்று கோழி அறுத்தோம்.
நாகம்மா அத்தைக்கு என்னவென்றே தெரியாது,
அறுவடைக்கு முன்னால் போனாள் என்பது தவிர.
தையல்நாயகி அத்தைக்கு மார்பில் புண்.
வாடை என்று மாட்டுக்கொட்டகையில் படுக்க வைத்தோம்.

வட்டங்களை ஒவ்வொன்றாகப் பேனாவால் நிரப்பினாள்.
அப்பாவின் சதுரம் வெள்ளையாகவே இருந்தது.
அதன் வழியாகத்தான் கோடு இறங்கியது
எனக்கும்
உனக்கும்.

ரத்தம் கொடுத்து ஆறு வாரம்.
நான் பத்திர எழுத்தரிடம் தட்டச்சு அடிக்கிறவள்.
சர்வே எண்ணில் ஒரு இலக்கம் புரண்டால்
அடுத்தவன் வயலில் நம் கல் நிற்கும்.
நகல் எடுக்க எடுக்கப் பிழையும் நகலாகும்.
அப்படியா என்று கேட்டேன்.
"கிட்டத்தட்ட" என்று சிரித்தாள்.

உனக்குப் பாதிக்குப் பாதி.
எனக்கு வந்துவிட்டதால் உனக்கு வராது என்று இல்லை.
புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து உருட்டுவோமே,
ஒவ்வொரு உருட்டும் புதுசு.
முந்தின ஆட்டம் கொட்டைக்கு ஞாபகமில்லை.

பெண்ணுக்கு ஏது பங்கு என்று சொல்லிவிட்டுப் போனாரே அப்பா,
இதில் மட்டும் ஆண் பெண் பார்க்கவில்லை.
சிரிப்பு வந்தால் சிரி.
நான் சிரித்தேன், ஆஸ்பத்திரி கேண்டீனில்,
டீ ஆறும்வரை.

இருந்தால் நோய் என்று அர்த்தமில்லை.
இந்த வரியை மறுபடி படி.
தெரிந்தால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்,
ஆணுக்கும் சிலது உண்டு.
உன்னிடம் இல்லையென்றால்
உன் பிள்ளைகளுக்கு நம் வழியில் வராது.
இருந்தால் நிறைமதி அவளே யோசிக்கட்டும்.
இளவேனில் சின்னவள், இப்போது ஒன்றும் வேண்டாம்.

நிறைமதிக்கு வரன் பார்க்கிறாயாம்.
நான் யாரிடமும் வாய் திறக்கமாட்டேன்.
பெனிட்டாவையே உனக்குப் போன் செய்யச் சொன்னேன்.
"நான் கூப்பிட முடியாதும்மா.
சொல்றது உங்க கையில,
கேக்காம இருக்கறது அவர் கையில."

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.
மூணாறு தலைப்பில் ஷட்டர் திருகுகிறவன் நீ.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு,
எதில் எவ்வளவு என்று நோட்டில் குறித்து வைப்பாய்.
இதற்கு ஷட்டர் கிடையாது, பக்கிரி.
ஆனால் திறப்பதற்கு முன்னால்
கரையில் மாடு கட்டாதீர்கள் என்று
கீழ் ஊர்களுக்குத் தண்டோரா போடுவீர்களே,
அதுதான் இது.

செவ்வாயும் வியாழனும் இருப்பாள், இரண்டாம் மாடி.
இந்தத் தாளைக் காட்டினால் போதும், நான் வரமாட்டேன்.

போகும்போது ஒன்று யோசித்துக்கொண்டு போ:
தையல்நாயகி அத்தைக்கு அப்போது என்ன வயசு?
எனக்கு நினைவில்லை.
கொட்டகைக்குக் கஞ்சி கொண்டுபோனவன் நீதானே.
அந்த வட்டத்தின் கீழே மட்டும்
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

மரகதவல்லி