பஞ்சு

மூன்றாம் நாள் நாடகம்.
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு
"முபிதா, உனக்கு இன்றைக்குத்தான் முடிவு தெரிந்தது.
இனோங்கே, நீ வழிகாட்டி. ஆரம்பிங்க" என்றார்
லுசாகாவிலிருந்து வந்த பயிற்சியாளர்.

இன்றைக்குத்தானாம்.
எனக்குப் பதினொரு வருடம் ஆயிற்று.
மோங்கு ஆஸ்பத்திரி நடைவழியில்
மலேரியா சுவரொட்டியின் கொசுவுக்குக்
கால்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.
ஆறு.
அன்று உலகத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது
அது ஒன்றுதான்.

"கவலைப்படாதீங்க" என்றாள் இனோங்கே.
சொல்லவே கூடாத சொல் அது;
கையேட்டில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது.
வகுப்பறை சிரித்தது.
கரும்பலகையில் பிள்ளைகளின் கழித்தல் கணக்கு
பாதியில் நின்றிருந்தது.

மறுபடி.
இம்முறை அவள் பேசவில்லை. நானும்.
வெளியே மணலில் சிக்கிய லாரி உறுமியது.
நடிக்கத்தான் உட்கார்ந்தேன்;
கை என்னைக் கேட்காமலே நடுங்கியது.

"டப்பாவை எங்கே வைக்கிறீங்க?"
எந்தப் பக்கத்திலும் இல்லாத கேள்வி.

சைக்கிள் கடையில்.
பால்ரஸ் டப்பாக்களுக்கு நடுவில்.
எது குலுங்கினாலும் இரும்பு என்று நினைப்பார்கள்.
ஆனாலும் உள்ளே பஞ்சு அடைத்திருக்கிறேன்.

"எனக்கு மாவுச் சாக்கு" என்றாள். "நானும் பஞ்சுதான்."
"நான் பழைய காலுறை" என்றான் கடைசி வரிசையில் படகோட்டி லிகாண்டோ.
மீன் விற்கும் நமசிகு எழுந்து
"டப்பாவே வேண்டாம்னு துணியில முடிஞ்சுப்பேன்,
மழையில ஒருதரம் மாவாப் போச்சு" என்றாள்.
அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில்.

பத்துக்கு ஆறு போட்டார் பயிற்சியாளர்.
குறுக்கே பேசியதற்கு நாலு போயிற்று.

நான்காம் நாள்,
கிருமி ரத்தத்தில் தென்படாத அளவுக்குக் குறைவதை
ஊர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்வது என்று கேள்வி.
லிகாண்டோ சொன்னான்:
"மே கழிஞ்சா வெள்ளம் வடியும். சமவெளியெல்லாம் புல்லு.
ஜாம்பேசி எங்கயும் போயிடல, தன் தடத்துல கிடக்கு.
மாத்திரைய நிறுத்திப் பாரு, ஜனவரி வந்துரும்."
கைதட்டினோம்.
நமசிகு மட்டும் தட்டவில்லை.
"வெள்ளம் வந்தாத்தான் எனக்கு மீன்.
நல்ல வெள்ளத்த நோயாக்காத. வேற சொல்லு."
தேநீர் ஆறும்வரை சண்டை.
வேறு எதுவும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சான்றிதழ்,
முதுகில் பெரிய எழுத்துள்ள மஞ்சள் சட்டை.
இனிமேல் பஞ்சை எடுத்துவிடுவேன் என்று
எல்லார் முன்னாலும் சொன்னேன்.
இன்னும் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் வேலை.
மஞ்சள் சட்டையை மடித்துப் பையில் வைத்தேன்;
அதைப் போட்டவன் பக்கத்தில் நின்றால்
அவர்களுக்கும் பெயர் வந்துவிடும்.

அதே நடைவழி. கொசுப் படம் இல்லை,
அது இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாக.
என்னைவிடப் பத்து வயதாவது மூத்த ஒருத்தி,
மெருகு போட்ட காலணி,
கையில் நாலாக மடித்த சீட்டு,
எதிர்ச் சுவரின் காற்றுத் துளைகளைப் பார்த்தபடி நிற்கிறாள்.
உதடு அசைகிறது.

ஐந்து நாள் படித்ததெல்லாம் எங்கோ போயிற்று.
ஓரடி தள்ளி, நானும் சுவரைப் பார்த்து நின்றேன்.

"எத்தனை?"

வெகுநேரம் கழித்து,
"பதினேழு" என்றாள், திரும்பாமல்.

"பதினெட்டு" என்றேன்.
"ஒண்ணு கதவுக்குப் பின்னால."