நான்கு ஐஸ் பேக்

தாளில் போட்டிருக்கிறது:
நூற்றிருபது ஆம்பியர், இருபத்தைந்து டிகிரியில்.
இருபத்தைந்தை நாங்கள் கடைசியாகப் பார்த்தது
மார்கழியில்.
இது கத்திரி. காட்பாடியில் ஒரு கல்யாண மண்டபம்,
மேலே தகரம், பந்தி போடும் இடத்தில் போட்டிக்களம்.
எங்கள் ஊரில் இல்லாதவற்றை வரிசையாய்ச் சொல்வார்கள்,
ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று.
குளிரை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது பிரேக்கர்.
கறுப்பு உடம்பு, சிவப்புப் பொத்தான்.
உள்ளே ஒட்டிப் பிறந்த இரண்டு உலோகத் தகடு.
சூடேறினால் ஒன்று அதிகம் நீளும், மற்றது நீளாது,
இரண்டும் சேர்ந்து வளையும்.
டக்.
அவ்வளவுதான். ஐம்பது கிலோ ரோபோ
நடுக்களத்தில் சண்டி மாடாய்ப் படுத்துவிடும்.
காலையில் இரண்டு தடவை படுத்தது.

அரையிறுதிக்கு எட்டு நிமிஷம்.
தப்ரேஸ் அட்டையால் விசிறினான்.
நான் வாயால் ஊதினேன், வெட்கமில்லாமல்.
ஹில்டா பெஞ்சுக்கு அடியிலிருந்து
நீலப் பெட்டியை இழுத்தாள்.
தடுப்பூசிப் பெட்டி. அணைக்கட்டில்
அவள் அம்மா கிராம சுகாதாரச் செவிலியர்.
"சனிக்கிழமதானே, சும்மாதான் கெடக்குது."
அம்மாவுக்குத் தெரியுமா என்று நாங்கள் கேட்கவில்லை.

உள்ளே நான்கு பேக், கல்லாய் உறைந்து.
உடனே வைக்க விடவில்லை.
ஒன்றைக் காதோரம் குலுக்கினாள்.
"உள்ள தண்ணி சத்தம் கேக்கணும்.
இல்லன்னா வேத்துக் கொட்டும், ஒயர்ல எறங்கும்."
அந்தச் சத்தத்துக்காகவே
நான்கு நிமிஷம் போனது.
பிறகு துண்டில் சுற்றி,
சிவப்புப் பொத்தானைத் தொடாமல் வைத்தோம்.

நிமிர்ந்தால் எதிரில் வாணியம்பாடி அணிப் பையன்,
அடுத்து எங்களோடு மோதப்போகிறவன்.
கையில் ஸ்பேனர். கண் பெட்டியில்.
வாயைத் திறக்கவில்லை.
ஹில்டா எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல்
இரண்டை எடுத்து நீட்டினாள்.
"குலுக்கிட்டு வை."

இரண்டரை நிமிஷ ஆட்டம்.
எங்கள் பிரேக்கர் விழவில்லை.
அவர்களுடையதும் விழவில்லை.
முப்பதாவது நொடியில்
எங்கள் செயின் கழன்றது.
செயினுக்கு ஐஸ் வைக்க முடியாது.

அணைக்கட்டு பஸ்ஸில் நான்கும் வெறும் தண்ணீர்,
மடியில் தளும்பின.
செவ்வாய் ராத்திரிக்குள் மறுபடி உறைய வேண்டும்.
ஹில்டா நகத்தால் கிரீஸைச் சுரண்டிக்கொண்டே வந்தாள்.
மூன்று சுத்தமாகிவிட்டது.
நான்காவதில் என் கட்டைவிரல் போகவில்லை,
சோப்புக்கும், தப்ரேஸின் எச்சிலுக்கும்.

புதன்கிழமை அங்கன்வாடியில்
ஏதோ ஒரு கைக்குழந்தை தொடையில் ஊசி பட்டு வீறிடும்போது
மருந்துக் குப்பிகளை ஒட்டி
சில்லென்று இருக்கும்
என் ரேகை.