நான்காம் ஓலை

எங்கள் கல்யாணத்துக்கு
மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள்,
சத்துவாச்சாரி ஆலயத்தில்.
தடை அறிந்தவர் யாராவது உண்டா?
மின்விசிறி சுற்றியது. ஒரு குழந்தை தும்மியது.
தடை இல்லை.

நான்காவதாக ஒன்று இருந்தது.
அதை யாரும் வாசிக்கவில்லை.
கோடு போட்ட தாளில்
அம்மாவின் சாய்ந்த கையெழுத்து:
இருபத்தொரு சவரன்.
வண்டி, கறுப்பு நிறம்.
பீரோ, கண்ணாடி வைத்தது.
மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு, தையல் கூலி சேர்த்து.
கடைசி வரி:
கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

மாமனாருக்கு ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் வேலை.
நகக்கண்ணில் குரோம் நீலம் ஏறிய விரல்களால்
தாளை இரண்டாய் மடித்து, நாலாய் மடித்து,
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
"ஒரு ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பலாம்" என்றார் அப்பா.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
ஜெபத்துக்காகத்தான் மூடினேன் என்று
இருபத்தேழு வருஷம் நம்பியிருந்தேன்.

பாலாற்று மணலை ராத்திரியில் அள்ளுகிறார்கள்,
விளக்கணைத்த லாரிகளில்.
அவர்களுக்காவது இருட்டு தேவைப்பட்டது.
நாங்கள் பகலில் அள்ளினோம்,
பந்தல் போட்டு, பாட்டுப் பாடி.

போன மாதம் நான் தேடியது
பெனாயாவின் ஞானஸ்நானச் சான்றிதழை.
ரூபவதியின் வேதாகமத்தைப் புரட்டினேன்.
எண்ணாகமத்தில் இருந்தது அந்தத் தாள்.
மாமனார் சாவதற்கு முன் கொடுத்திருக்கிறார்.
ஓரத்தில் பென்சிலால் தவணைகள்,
ஒன்றிலிருந்து அறுபது வரை.
கடைசிப் பதினொன்றுக்கு எழுத்து மாறியிருந்தது.
ரூபவதியின் எழுத்து.
ஆஸ்பத்திரி சம்பளத்தில் கட்டியிருக்கிறாள்.
என்னிடம் சொன்னது, "சீட்டுப் பணம்".

தாளோடு கூடத்துக்கு வந்தேன்.
அவள் எழுதிக்கொண்டிருந்தாள்,
குடியாத்தத்துப் பெண்வீட்டுக்கு.
இருபத்தைந்து சவரன்.
நிமிராமலே சொன்னாள்:
"எங்கப்பாகிட்ட போனது
எங்கேயாவது திரும்பி வரணுமில்ல."

பறித்தவன்
பறிகொடுத்தவளுக்கு என்ன பிரசங்கம் செய்வது?
பழைய தாளைப் புதிய தாளின் பக்கத்தில் வைத்தேன்.
கையெழுத்துதான் வேறு.

ஞாயிறுதோறும் பாவ அறிக்கை சொல்கிறோம்,
பன்மையில்.
அந்த 'நாங்க'ளுக்குள்
ஒளிந்துகொள்ள நிறைய இடம்.
அன்றைக்கு ஒருமையில் சொன்னேன்:
"ரூபா, நான் வாங்கினேன்."
அம்மாவை இழுக்கவில்லை.
ஊர் வழக்கத்தை இழுக்கவில்லை.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
குக்கர் கூவியது. எழுந்து போனாள்.
ரொம்ப நேரம் முள்ளுக்கத்திரி நறுக்கும் சத்தம்.
உள்ளேயிருந்தே கேட்டாள்,
"வட்டியோட எவ்வளவு ஆச்சுன்னு தெரியுமா?"
சொன்னாள்.
அந்தத் தொகையை இங்கே எழுதமாட்டேன்.
பிறகு, கத்தி நின்றபிறகு:
"நானும்தான் இப்ப எழுதிட்டிருந்தேன்...
நாம வாங்க வேணாம்."

நாம.
'நாங்கள்' என்றால்
கேட்பவர் வெளியே நிற்கவேண்டும்.
'நாம்' என்றால்
அவரும் உள்ளே, நம் கடனுக்குள்.
கிருபையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன்.
அது இலக்கணத்தின் வழியாக
அடுப்பங்கரையிலிருந்து வரும் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

புதிய தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள்:
சீரகச் சம்பா, எழுபது கிலோ.
செலவு பாதிப்பாதி.
பழையதைக் கொளுத்திவிடட்டுமா என்றேன்.
"எடுத்த இடத்திலேயே வை."

குடியாத்தத்துக்குப் போன் போட்டது அவள்தான்.
பெண்ணின் அப்பா சாந்தப்பன், கைலி வியாபாரி.
"பட்டியல் எதுவும் இல்லீங்க" என்றாள்.
அந்தப் பக்கம் நெடுநேரம் மௌனம்.
தறிச் சத்தம் மட்டும்.
பிறகு தயங்கித் தயங்கி,
மரியாதை குறையாமல்,
"தப்பா நினைக்காதீங்கம்மா...
பையனுக்கு ஏதாச்சும் குறை இருக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள்.
போனைக் கையால் மூடிக்கொண்டு
சிரித்தாளா, அழுதாளா,
எனக்கு இன்னும் தெரியவில்லை.