மூன்றாம் இலக்கத்துக்கு என் புள்ளி

வெள்ளவத்தையில், போட்டோகொப்பிக் கடைக்கு மேலே
மூன்றாம் மாடி.
பற்றீஸ் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு
மேசையில் ஆறு பேரை நிறுத்துகிறான் உதேனி.
இன்னும் பெயர் வைக்காத சூப்பர்ஹீரோக்கள்.
ஒருவருக்கும் ஒரு சாண் உயரமில்லை.
சாம்பல் றெசின் உடம்பு,
முதுகில் வினைல் மேலங்கி,
உள்ளங்காலில் பென்சிலால் இலக்கம்.

எண்பத்திரண்டில் வார்த்ததுபோல் இருக்கவேண்டும்,
அதுதான் நிபந்தனை.
கழுத்து திரும்பலாம். தோள் சுற்றலாம். இடுப்பில் மடங்கலாம்.
முழங்கை மடங்கினால் தள்ளுபடி.

பல் வைத்தியர் யசோதரா
கைப்பையிலிருந்து தன் சின்னக் கண்ணாடியை எடுத்து
முதலாமவனின் அக்குளுக்குள் பார்க்கிறாள்.
"கொஞ்சம் பெரிதாகத் திறவுங்கோ" என்றுவிடுவாளோ என்றிருந்தது.
நிஸ்தார் மேலங்கியை முகர்ந்தான்.
"இது செருப்புக்கடை மணம் மச்சான்.
மழைக்கோட்டு மணக்கவேணும்."
உதேனி அதையும் குறித்துக்கொண்டான்,
தமிழில் கேட்டு, சிங்களத்தில் எழுதி.
டெரன்ஸுக்கு வேறு கவலை.
அச்சுக்கோடு எங்கே?
தோளிலிருந்து குதிவரை ஒரு மயிரிழை ஓடுமே,
நகத்தில் தட்டுப்படுமே,
அதை ஏன் தேய்த்தாய்?
வடிவாக இருக்கட்டும் என்று, இழுத்தான் உதேனி.
வடிவை யார் கேட்டது?

எனக்கு வாகனக் காப்புறுதியில் வேலை.
பகலெல்லாம் நசுங்கிய பம்பருக்கு விலை சொல்கிறவள்.
எந்தக் கீறல் நேற்றையது,
எது போன வருடத்தை இன்றைக்குக் கட்டுகிற கள்ளக் கீறல்,
பார்த்ததும் தெரியும்.
ஆனால் ஒரு பிழையைப் பிழையில்லாமல் செய்துதரச் சொல்லி
வளர்ந்தவர்கள் சண்டைபிடிப்பதை
இங்கேதான் பார்த்தேன்.
நானும் பிடித்தேன்.

மூன்றாம் இலக்கம் ஒரு பெண்.
தலைக்கவசத்தில் மீன்துடுப்பு.
புயலை நிறுத்துகிறவளாம்.
ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே.
யாரும் அவளுக்குப் பத்தில் நாலைத் தாண்டவில்லை,
நானுந்தான்.

ஏழேகாலுக்குக் கரண்ட் போனது.
மின்விசிறி இரண்டு சுற்று யோசித்து நின்றது.
காலி வீதியில் ஹோர்ன்,
கடல்பக்கம் பாணந்துறை ரெயில்.
யாரோ போனை எடுக்க,
"வேண்டாம், கையால் பார்ப்போம்" என்றான் டெரன்ஸ்.
"போர்வைக்குள்ளே வைத்து
அப்பவெல்லாம் இப்படித்தானே..."
முடிக்கவில்லை.

கைமாறிக் கைமாறி வந்தார்கள்.
இவன் தொடை தடிப்பு.
இவன் கழுத்து இறுக்கம்.
ஒரு மேலங்கி என் மணிக்கட்டில் குளிர்ந்து போனது.
பிறகு துடுப்பு தட்டுப்பட்டது.
தோளைச் சுற்றினேன்.
ட்டக்.
இடது கை கழன்று என் உள்ளங்கையில் கிடந்தது.

சொல்லியிருக்கலாம்.

புறக்கோட்டை நடைபாதையில்
அப்பா முப்பது ரூபாய்க்கு வாங்கித் தந்தவனுக்கு
இடது கை இல்லை.
அவன் பிறப்பே அப்படி என்று
பதினேழு வருடம் நம்பியிருந்தேன்.
ஒற்றைக் கையால் அலுமாரியில் தொங்குவான்.
ஒற்றைக் கையால் ரெயிலை மறிப்பான்.
பிறகொரு நாள் ஏலப் பட்டியலில்
இரண்டு கையோடு அவன் படம்.
யாரோ அவனுடைய உடுப்பைத் திருடிப் போட்டவன் மாதிரி.

வெளிச்சம் வந்தது.
"கை எங்கே?" உதேனி மேசைக்கடியில்.
நிஸ்தார் சோபாவைத் தூக்கினான்.
யசோதரா கண்ணாடியோடு பற்றீஸ்களுக்கிடையில்.
டெரன்ஸ் தன் சட்டைப்பையையே சந்தேகப்பட்டான்.
அவள் ஒற்றைக் கையோடு நின்றாள்,
மேல்கண் சுவரில்,
கீழ்க்கண் பொத்திய என் வலது கையில்.

புள்ளித்தாளை இழுத்தேன்.
இடது கையால் எழுதிப் பழக்கமில்லை.
நாலை வெட்டி
கோணலாக ஒரு பத்து.